மூக்குக்குப் பதில் ஒரு மீட்டர்

என்னங்க,

முப்பத்திரண்டு வருஷமாக இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது மட்டும் பெயர் சொல்லியா எழுத முடியும்?

முதலில் ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. என் மூக்கு போய்விட்டது. நாலு மாதத்துக்கு முன் ஒரு சளிக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியது, வாசனை மட்டும் திரும்பவில்லை. மல்லிகைப்பூவும் தெருவில் போகும் குப்பை வண்டியும் எனக்கு ஒன்றுதான். வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

ஊருக்கு இது சின்ன விஷயம். நமக்கு அப்படியா? மேற்கு மாம்பலத்து இந்தப் பால்கனியில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காப்பிக்கொட்டை வறுத்தது என் மூக்கை நம்பித்தானே! நீங்கள் அடுப்பின்மேல் தகர உருளையின் கைப்பிடியைச் சுற்றுவீர்கள். நான் முகர்ந்துகொண்டே நின்று, "போதும், இறக்குங்க" என்பேன். கொட்டை வெடிப்பது காதுக்குக் கேட்கும். அதற்குப் பிறகு எந்த நொடியில் இறக்குவது என்பதை மூக்குதான் சொல்லும்.

கிண்டியில் சூடு அளக்கும் கருவிகள் செய்யும் கம்பெனியில் காலம் தள்ளியவர் நீங்கள். உருளைக்குள் ஒரு கம்பியை நுழைத்தால் கொட்டையின் சூட்டை வெளியே மீட்டரில் பார்க்கலாம் என்று ஒரு செட்டே வாங்கி வந்தீர்கள். "எனக்கு மூக்கு இருக்கு, உங்க மீட்டர் எதுக்கு?" என்று அதைப் பரணில் ஏற்றினேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது. ஒரு தடவையாவது என்னோடு சண்டை போட்டிருக்கக் கூடாதா?

போன வாரம் உங்கள் முதல் வருஷத் திதி. படையலில் உங்களுக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும். காப்பி இல்லாமல் எப்படி? அடையாறிலிருந்து நம் மீனா போன் செய்தாள். "கடைல நல்ல பொடியா வாங்கிக்கலாம்மா. அப்பா என்ன, கண்டுபிடிக்கவா போறார்?"

பெற்ற மகளுக்கே உங்களைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. உங்கள் படத்துக்கு முன்னால் கடைப் பொடிக் காப்பியை வைப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் உங்கள் தங்கை கலாவின் கண்டிப்பு உங்களுக்குத் தெரியுமே. "படையலுக்குப் போறத யாரும் வாய்ல வைக்கக் கூடாது அண்ணி, மோந்துகூடப் பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். மோந்து பார்க்கும் பாவம் இனி எனக்கு ஒட்டாது, அது வேறு விஷயம். வறுத்தது சரியா என்று இன்னொருவரிடம் கொடுத்துக் கேட்கவும் வழியில்லை. பரணில் கிடக்கும் மீட்டரை விட்டால் கதியில்லை.

இறக்கினேன். சுற்றித்தர நீங்கள் இல்லாததால் உருளைக்கு ஒரு சின்ன மோட்டார் பொருத்தச் சொன்னேன். கம்பியை நானே நுழைத்தேன். மீட்டர் மளமளவென்று இருநூற்று இருபது டிகிரியைத் தொட்டது. வெடிச் சத்தமே வரவில்லையே என்று காது சொல்லத்தான் செய்தது. மீட்டரை நம்பிக் காதைக் கைவிட்டேன். இறக்கிப் பார்த்தால் கொட்டை வேர்க்கடலை நிறத்தில் கிடக்கிறது.

உங்களோடு வேலை பார்த்த தனசேகரைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா அண்ணி, தகரத்தோட சூட்ட அளந்துகினு கீறீங்க! நுனி கொட்டைக்குள்ள பொதையணும்." உருளை சுற்றும்போது கொட்டை ஒரு பக்கமாக ஏறிக் குவிகிறதல்லவா, அங்கே நுனி இருக்கும்படி கம்பியை வளைத்துக் கொடுத்தார். "நானே வறுத்துக் குடுத்துட்டுப் போவட்டா?" என்றார்.

"வேணாம் தம்பி. இது என் வேலை."

அப்புறமும் இரண்டு ஈடு வீணாயிற்று. அதற்கடுத்த ஈட்டில் மீட்டர் இருநூறு காட்டும்போது படபடவென்று வெடித்தது. அசையாமல் நின்றேன். இருநூற்று இருபத்தைந்தில் இறக்கினேன். நிறம் நம் வீட்டு நிறமாகத்தான் தெரிந்தது. ஆனால் உறுதியாகச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

திதியன்று படையல் முடிந்து கற்பூரம் அணைந்ததும், உங்களுக்கு வைத்த காப்பியை எடுத்துக் கலாவிடம் கொடுத்தேன். அண்ணாந்து ஒரு வாய் குடித்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. லேசாக் கசக்குது."

டம்ளரை வாங்கி நானும் ஊற்றிக்கொண்டேன். கசந்தது! என்னங்க, வாசனை இல்லாவிட்டாலும் என் நாக்குக்கும் கசந்தது. நாலு மாதமாக மற்றவர்கள் குடிப்பது காப்பி, நான் குடிப்பது வெந்நீர் என்று இருந்தேன். அன்றைக்கு அவளும் நானும் குடித்தது ஒரே காப்பி. எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். பாவம் கலா, தான் சொன்னதற்குத்தான் என்று நினைத்துப் பதறிப்போனாள்.

கசந்தால் என்ன, கொஞ்சம் முன்னாலேயே இறக்க வேண்டும், அவ்வளவுதானே? வருகிற ஞாயிறு இருநூற்று இருபத்துமூன்று. அதுவும் கசந்தால் இருபத்திரண்டு. சரியாக வரும்வரை விடமாட்டேன். நாளைக்கு என் மூக்கே திரும்பி வந்தாலும் அந்தக் கம்பியைக் கழற்ற மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தோல்வியை ஒப்புக்கொள்ளும்
உங்கள் மனைவி,
வசந்தா