ஏணியைக் கழற்றி வைத்துவிட்டேன்

என்னங்க,

ஆஸ்பத்திரியில் அவசரமாக டியூட்டிக்குக் கூப்பிட்டார்கள், கிளம்புகிறேன். நீங்கள் அசந்து தூங்குவதால் எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள்.

ஜன்னலில் தொங்கிய சங்கிலி ஏணியைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். காலையில் நிலநடுக்கத்தில் வீடு ஆடியதும் அதை மாட்டிவிட்டு, "முதல்ல நீ இறங்கு!" என்று கத்தினீர்கள். "சுவரே ஆடுது, ஏணி நிக்குமா?" என்று நான் உங்கள் சட்டையைப் பிடித்து மேசைக்கடிக்கு இழுத்தேன். சட்டை கிழிந்தது. அந்தக் கோபத்தில், ஆட்டம் நின்று கீழே போய்த் திரும்பி வந்தும் பேசாமல் படுத்துவிட்டீர்கள்.

மறுபடி ஆடினால் நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். ஆட்டம் நிற்கும்வரை மேசைக்கடியிலேயே இருங்கள். நின்றதும் படியில் இறங்குங்கள், லிஃப்ட் வேண்டாம். படியில் போகவே முடியாதபடி தீயோ இடிபாடோ இருந்தால் மட்டும் ஏணி. அதுவும் ஆட்டம் நின்ற பிறகுதான்.

செருப்பைக் கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கூடத்தில் கண்ணாடிச் சில்லு கிடக்கும், பெருக்கியும் முழுசாகப் போகவில்லை.

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்:

மேசைக்கடியில் உங்கள் கை என் தலையை மூடியிருந்தது. ஆட்டம் நின்ற பிறகும் நீங்கள் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. உங்களுக்கு இரவு வேலை வந்ததிலிருந்து நான் வீடு திரும்பும்போது தலையணையில் உங்கள் சூடு மட்டும்தான் மிச்சமிருக்கிறது.

இன்று மேனேஜரிடம் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு, நான் வரும்வரை இருங்கள். கோபமாகவே இருந்தாலும் பரவாயில்லை, வீட்டில் இருங்கள்.