பையும் பந்தும் இல்லாத கணக்கு

நவ. 10, ஞாயிறு

காலையிலிருந்து மூட்டம். துவைத்த துணி காயவில்லை. கணித அரியர் தேர்வு 20ஆம் தேதி. இதிலும் போனால் கல்லூரிக்கு வரும் கம்பெனி இண்டர்வியூவில் உட்கார விடமாட்டார்கள்.

போன தடவை நிகழ்தகவு மொத்தமும் மனப்பாடம். பையில் பந்து என்றால் இந்த சூத்திரம், பகடை என்றால் அந்த சூத்திரம். வந்ததோ பெட்டியில் பல்பு. வகுப்பில் பாதிப் பேர் காலி.

கைவசம்: நூலகத்துப் பழைய வினாத்தாள் கட்டு. இலவச வீடியோ பாடம் (வீட்டில் சிக்னல் கிடையாது, சோளக்காடு ஊருக்குப் போகணும்). தோழி கவிதாவின் விடை நோட்டு. வைராக்கியம், கொஞ்சம்.

12, செவ்வாய்

சோளக்காடு பஸ் நிறுத்தம். வீடியோ, வீடியோ, வீடியோ. சார் போடப் போட எல்லாம் புரிகிறது. தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் அன்னாசி விற்கும் செல்லம்மாக்காவும் சீரியல் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்தார். பாதிக் கணக்கில் சிக்னல் போச்சு. சார் வாயைத் திறந்தபடி நின்றார்.

"அப்பறம் என்னாகும் கண்ணு?"

தெரியவில்லை. ஏற்கெனவே பலமுறை பார்த்த கணக்கு. சிக்னல் வரட்டுங்கக்கா என்று சமாளித்தேன். அவமானமாக இருந்தது. அவர் பாவம், ஒரு துண்டு அன்னாசி நறுக்கிக் கொடுத்தார்.

13, புதன்

மழை. புது முறை: கேள்வியை மட்டும் பார்ப்பது, கவிதா நோட்டில் விடை மேல் அட்டையை வைத்து மூடுவது. ஒரே கணக்குக்கு காலை முழுக்கப் போனது. தப்பு. மறுபடி தப்பு. அழுகை வந்தது, அழுதேன், அப்புறம் போட்டேன்.

கேழ்வரகு அறுத்துவிட்டு வந்த அம்மா: "ஏஞ்சாமி, இத்தன அடிச்சு அடிச்சு எழுதறியே, தெரியாததையா எழுதற?"

ஆமாங்கம்மா என்றேன்.

16, சனி

பந்தும் பகடையும் வேண்டாம், நானே ஒரு கணக்கு உண்டாக்கினேன். அன்னாசிக் கூடை, அதில் சில அழுகல். பார்க்காமல் இரண்டு எடுத்தால் இரண்டும் நல்லதாக இருக்க வாய்ப்பு என்ன? சூத்திரம் தேடாமல் முதலில் படம் வரைந்தேன். வந்துவிட்டது. போனில் கவிதாவிடம் கேட்டேன். இது சிலபஸ்லயே இல்லடி என்றாள். அதே பல்புக் கணக்குதான், லூசு என்றேன்.

20, புதன்

முதல் பஸ். மலைப்பாதை வளைவு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டேன். வாந்தி இல்லை.

கேள்வித்தாளில் பை இல்லை, பந்து இல்லை, பல்பும் இல்லை. ஏதோ விமான டிக்கெட். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. பின்னால் ஒருத்தி சிலபஸ்ல இல்ல என்று முணுமுணுத்தாள். கேள்வியை மறுபடி படித்தேன். அப்பறம் என்னாகும் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். படம் வரைந்தேன். ஒவ்வொரு வரியாக வந்தது. வேறு இரண்டு கணக்கு அரைகுறை. தேறுவேனா தெரியாது. பயம் போச்சு, அது நிச்சயம்.

சாயங்காலம் பஸ் சோளக்காட்டில் நின்றது. ஜன்னலுக்குக் கீழே செல்லம்மாக்கா, கூடையோடு.

"ஏங்கண்ணு, அன்னிக்கி அந்தக் கணக்கு கடசில என்னாச்சு?"

"நானே முடிச்சுட்டேனுங்கக்கா."