ஐஸ் பாக்டரியில் மூன்று இடம்

3-5-43, திங்கள்

காலை மழை, எட்டுக்கு நின்றது. ஜப்பான்காரர்கள் மாற்றிவைத்த மணிக்கு எட்டு. என் பழைய கணக்கில் ஆறரை.

கோலா கெத்தில் ரப்பர் தோட்டத்திலிருந்து ஆறு பேர் லாரியில் சுங்கைப் பட்டாணி ஊருக்கு வந்து சேர்ந்தோம். ஐஸ் பாக்டரி. வெள்ளைக்காரர்கள் ஓடியபின் இயந்திரம் தெரிந்த ஆள் இல்லையாம். மோரி என்ற ஜப்பான் எஞ்சினியர் ஒரு மாதம் கற்றுக்கொடுப்பார். அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான எனக்கும் வரும். அதனால் அறுபத்தொரு வயதில் நான் மாணவன், மொழிபெயர்ப்பாளனும் நானே.

முடிவில் மூன்று பேருக்கு இங்கேயே வேலை. மற்ற மூவர் சயாமுக்கு, ரயில்பாதை போட. மோரி இதைக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதை நான் தமிழில் சொன்னேன். சயாமுக்குப் போனவர்கள் ஒருவரும் இன்னும் திரும்பவில்லை.

எங்களோடு வந்த முனியாண்டி: "அந்த மூணு பேரு யாருன்னு இப்பவே சொல்லிட்டா மத்தவன் படிக்க வேணாம்லா."

யாரும் சிரிக்கவில்லை. எங்களில் இன்னொருவனான இருளப்பன் குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொண்டுவந்தவை: வேட்டி 2, சட்டை 2, மூக்குக்கண்ணாடி, பென்சில் 3, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை 4.

6-5, வியாழன்

வெயில். பாடம்: அமோனியாவை அமுக்கும் இயந்திரம். தண்ணீர் சொட்டும் குழாய்கள். வால்வு. உப்புநீர்த் தொட்டி, அதற்குள் ஐஸ் டின்கள். இயந்திரம் குளிரை உண்டாக்குவதில்லை; தொட்டியிலுள்ள சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான்.

இருளப்பன்: "அப்ப நம்ம புகைக்கொட்டகைக்கு நேர் எதிரு."

ரப்பர் ஷீட்டு காயவைக்கும் கொட்டகையில் பதினைந்து வருடம் தீ பார்த்தவன். கதவில் கை வைத்தே உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்வான். எழுதப் படிக்கத் தெரியாது.

என் நோட்டு சுத்தமாக இருக்கிறது. படம் கூடப் போட்டிருக்கிறேன். இயந்திரத்தின் பக்கம் போனால்தான் வால்வை எந்தப் பக்கம் திருகுவது என்பது மறந்துவிடுகிறது.

சாப்பாடு: கஞ்சி, உப்புக் கருவாடு ஒன்று.

12-5, புதன்

மோரி அலோர் ஸ்டார் போயிருந்தார். பத்து மணிக்கு அமோனியா கசிவு. கண் எரிந்து மூச்சடைத்தது. எல்லோரும் வெளியே ஓடினோம். முதலில் ஓடியது நான்.

இருளப்பன் மட்டும் துண்டை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு திரும்ப உள்ளே போனான். கந்தகத் திரியைக் கொளுத்தி ஒவ்வொரு இணைப்பாகக் காட்டினான். கசிகிற இடத்தில் புகை வெள்ளையாகத் திரளும் என்று போன வாரம் மோரி காட்டியதுதான். நானும் எழுதி வைத்திருக்கிறேன், பக்கம் 9. நட்டை இறுக்கிவிட்டு இருமிக்கொண்டே வெளியே வந்தான்.

முனியாண்டி: "கிராணியாரே, உங்க வேட்டி வாசல்ல கெடக்கு!" பொய். மடிப்புதான் அவிழ்ந்திருந்தது.

பாக்டரிப் பதிவேட்டில் எழுதினேன்: 'கசிவு. சரிசெய்யப்பட்டது.' சரிசெய்தவன் பெயரை எழுதவில்லை. பெயருக்கு அதில் பத்தி இல்லை.

19-5, புதன்

மேகமூட்டம். கண்ணாடியின் காது உடைந்தது, நூலால் கட்டினேன்.

இருளப்பன் பெண்டாட்டி கண்ணம்மாவுக்கு ஏழாம் மாதம். இரண்டு பெண்கள் வேறு. "இங்க நின்னுட்டா ஞாயித்துக்கிழமை நடந்தே போய்ப் பாத்துட்டு வந்துடலாம் கிராணியாரே. சயாம்னா முடியுமா?" என்றான். இன்று வால்வை அவனிடம் விட்டேன். குழாயில் பனி எதுவரை ஏறியிருக்கிறதென்று விரலால் பார்த்துத் திருகினான். என் தெர்மாமீட்டரில் உப்புநீர் பதினாறு (பாரன்ஹீட்; முப்பத்திரண்டிலேயே தண்ணீர் உறையும்). மோரி கேட்ட அதே பதினாறு.

எனக்கு இது வராது.

27-5, வியாழன்

பரீட்சை. மோரியும் ஒரு பட்டாள அதிகாரியும். ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார்கள். மொழிபெயர்க்க நான் நாற்காலிக்குப் பின்னால்.

இருளப்பன் நின்றான். மோரி கேட்டார்: பனி இயந்திரம்வரை ஏறிவிட்டால் என்ன செய்வாய்? தமிழில் சொன்னேன். இருளப்பன் என் முகத்தைப் பார்த்தான். நான் மோரியிடம் இங்கிலீஷில், "வால்வைக் கொஞ்சம் மூட வேண்டும்" என்றேன்.

அடுத்த கேள்வி. மறுபடி என்னைப் பார்த்தான். மறுபடி நான் சொன்னேன். மூன்றாவதும் அப்படியே.

தோட்டத்தில் துரை கேட்பார், ஆள் கிராணியைப் பார்ப்பான், கிராணி சொல்வான். நாற்பது வருடம் அப்படித்தான். அவன் வாய் திறந்தானா என்றுகூட நான் கவனிக்கவில்லை.

பிறகு முனியாண்டி. பாதி தப்பு. ஆனால் உடைந்த மலாயில், உரக்க, தானே மோரிக்குச் சொன்னான். அதிகாரி தலையாட்டினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: இருளப்பன் வாயிலிருந்து அவர்கள் ஒரு பதிலும் கேட்கவில்லை.

28-5, வெள்ளி

இங்கே நிற்பவர்கள் பட்டியல்: முனியாண்டி, எங்களோடு வந்த வேலு, நான்.

நான்! இடம் கிடைக்காமல் போனாலும் இந்த வயதில் என்னை யாரும் சயாமுக்கு இழுக்கப் போவதில்லை. இருளப்பன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

பம்படியில் இருளப்பனிடம் போனேன். அவனே முந்திக்கொண்டான்: "விடுங்க. பதில் எனக்குத் தெரியும். கிராணியார் நிக்கிறப்ப நாம வாயத் தொறக்கக் கூடாதேன்னு இருந்துட்டேன்."



29-5, சனி

மோரிக்கு இங்கிலீஷில் கடிதம். மூன்று முறை எழுதினேன். முதலாவது நீளம். இரண்டாவதில் கெஞ்சல் அதிகம். மூன்றாவது சரி: தவறு என்னுடையது; கசிவை நிறுத்தியவன் இருளப்பன்; என்னை நீக்கி அவனை வைக்கவும்.

பகல் ஒன்றரைக்கு அவர் அறை வாசல்வரை போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். மூன்று மணிக்கு அதிகாரி கூட இருந்தார். நாளைக்குக் கொடுக்கலாம்.

30-5, ஞாயிறு

சயாம் போகும் மூவரை ஏற்ற லாரி காலை ஏழுக்கே வந்துவிட்டது. ஒன்பது என்றல்லவா சொன்னார்கள். கடிதம் சட்டைப்பையில். இருளப்பன் கும்பிட்டான். கும்பிட்டேன்.

முனியாண்டி இன்று முழுவதும் யாரையும் கேலி செய்யவில்லை.

1-6, செவ்வாய்

கடிதத்தைக் கொடுத்தேன். மோரி இரண்டு முறை படித்தார். கசிவை நிறுத்தியது யாரென்று அவருக்கு அதுவரை தெரியாது. முகம் மாறியது. அறைவார் என்று கண்ணை மூடினேன். அறையவில்லை.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

பயம் என்றேன். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினார். ரயில் ஞாயிறு மாலையே போய்விட்டது. பதிவேட்டை வாங்கி, என் வரிக்குப் பக்கத்தில் இருளப்பன் பெயரை அவர் எழுத்தில் எழுதினார். யாருக்கு அது இனி.

6-6, ஞாயிறு

வெயில். வயிற்றுப்போக்கு. உப்புநீர் இருபத்திரண்டு, இறங்க மாட்டேன் என்கிறது. வேலுவும் நானும் மாறி மாறி வால்வைத் திருகிப் பார்த்தோம்.

பதினொன்றுக்குக் கண்ணம்மா வந்தாள். கோலா கெத்திலிலிருந்து நடை. வயிறு கீழே இறங்கியிருந்தது. சின்னவள் இடுப்பில், பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டு. போகும் வழியில் இருளப்பன் யாரிடமோ சொல்லி அனுப்பியிருக்கிறான்.

"எல்லாம் சொன்னாரு ஐயா. பரீட்சையில அவருக்காக நீங்கதான் பேசினீங்களாமே. ஒரு கேள்வி விடாம. யாரு செய்வா இந்தக் காலத்துல?"

முந்தானையில் முடிந்திருந்த நான்கு மரவள்ளிக்கிழங்கை எடுத்து என்னிடம் நீட்டினாள். பெரியவள் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "வாங்கிக்கணும் ஐயா" என்றாள்.

வாங்கிக்கொண்டேன்.