இன்னொரு முதலாம் ஆண்டு

‘மறுபடியும் முதலாம் ஆண்டுப் புள்ளியியலா?’ நேற்று நீங்கள் மாற்றல் வந்திருப்பதைச் சொன்னபோது என் மனதில் ஓடியது இதுதான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பாத்திரம் துலக்கப் போய்விட்டேன்.

“அங்க காலேஜே இல்லையா என்ன? கிரெடிட்டை மாத்திக்கிட்டா போச்சு, வாம்மா” என்றீர்கள். மாற்றலாம்தான். ஆனால் போகிற இடத்தில், இதுவரை தேறிய பாடங்களுக்கான கிரெடிட்டில் பாதியைத்தான் ஏற்பார்கள்; மீதியை அங்கேயே படித்தால்தான் பட்டம். உங்களோடு இரண்டு முறை ஊர் மாறினேன். இரண்டு முறையும் நம் மகள் வயதுப் பிள்ளைகளோடு முதலாம் ஆண்டில் உட்கார்ந்தேன். வாத்தியார்கள் சொல்லும் ஜோக்குகூட மாறவில்லை. களைத்துவிட்டேன். இங்கேயே இருந்தால் இந்தப் பருவத்தோடு படிப்பு முடிந்து பட்டம் வந்துவிடும்.

வகுப்புக்குக் கிளம்புகிறேன். சோறு குக்கரில் இருக்கிறது, முட்டை மட்டும் பொரித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள். வெளியே போனால் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கட்டும்.

பி.கு.: நீங்கள் வரச்சொன்ன லாரிக்காரர் மதியம் சாமான்களைப் பார்க்க வருகிறாராம், போன் செய்தார். உங்கள் அலமாரியைக் காட்டுங்கள். என் துணிகளையும் படிக்கிற மேசையையும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.