எல்லாவற்றையும் அழி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? போனில் சொன்னால் பாதியிலேயே “சரி சரி, புரியுது” என்று வெட்டிவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு வீட்டிலிருந்தே டைப் அடிக்கிறேனே, அந்த வேலைக்கு ஒரு கெடு வந்திருக்கிறது. இருபதாம் தேதிக்குள் எல்லோரும் புது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாற வேண்டுமாம். மாறாதவர்களுக்கு வேலை இல்லை என்று ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

இரண்டு வழி இருக்கிறது. பழையதன் மேலேயே புதியதை ஏற்றலாம். உள்ளே இருப்பதெல்லாம் அப்படியே இருக்கும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடலாம். எனக்கு முதல் வழிதான் வேண்டும். கண் தெரியாத எனக்குத் திரையை வாசித்துச் சொல்லும் அந்தக் குரலுக்கு ஒன்பது வருடமாக மருந்துப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மில்லிகிராம், மைக்ரோகிராம் இரண்டையும் அது குழப்பாமல் சொல்கிறதென்றால் அது என் உழைப்பு. அதில் பிசகினால் ஒரு நோயாளிக்கு ஆயிரம் மடங்கு மருந்து போகும்.

கம்ப்யூட்டரில் எதை மாற்றவும் தேவைப்படும் நிர்வாகி கடவுச்சொல் உன்னிடம்தான் இருக்கிறது. அனுப்பி வை. நானே செய்துகொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 5

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே.

பழையதன் மேல் ஏற்றுவது சோம்பேறிகள் வேலை. ஒன்பது வருடக் குப்பையைத் தூக்கிக்கொண்டு புது வீட்டுக்குக் குடிபோவார்களா? எனக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். ஒருவனாவது இப்படிச் செய்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவேன். குரலுக்குப் பாடம் எடுத்தாயாம்! புதியதில் அதெல்லாம் தானாகவே வரும்.

கடவுச்சொல் உனக்கு எதற்கு? ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்தே உள்ளே வந்து சுத்தமாக்கித் தருகிறேன். நீ எதையும் தொடாமல் இருந்தால் போதும்.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

நாற்பது பேருக்கும் என் அனுதாபங்கள்.

தானாக வரும் என்கிறாயே, அந்தக் குரலை நீ ஒரு நிமிடமாவது கேட்டிருக்கிறாயா? போன தடவை வந்தபோது “இந்தக் கத்தலை முதல்ல நிறுத்து” என்றாய். அவ்வளவுதான் உனக்கு அதைப் பற்றித் தெரியும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வைத்தியம் எனக்கு வேண்டாம். கடவுச்சொல்லை மட்டும் அனுப்பு.

அக்கா


மார்ச் 9

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் நீ துணி காயப்போட்டு வருவதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன், அழித்துவிட்டது. அதோடு நான் உள்ளே வர வைத்திருந்த புரோகிராமும் போய்விட்டது. இப்போது என்னால் இங்கிருந்து எதுவும் செய்ய முடியாது.

பதறாதே. ஆறு வாரத்தில் லீவு போட்டு வந்து பார்க்கிறேன். அதுவரை யாரையும் தொட விடாதே. ஒருவேளை தொட்டுத் தொலைத்திருந்தால், புதுக் கடவுச்சொல்லை உடனே எனக்கு அனுப்பு. உன்னைப் போன்றவர்கள் கையில் நிர்வாகி கணக்கு இருப்பது ஆபத்து.

தம்பி


மார்ச் 12

மேதைக்கு,

ஆறு வாரமா? கெடு இருபதாம் தேதி என்று எழுதியிருந்தேன். முழுக்கப் படி என்றும் எழுதியிருந்தேன்.

நான் மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தபோது கம்ப்யூட்டர் ஊமையாக இருந்தது. எந்தப் பட்டனைத் தட்டினாலும் சத்தம் இல்லை. ஒன்பது வருடத்தில் அன்றைக்குத்தான் எனக்குக் கண் தெரியவில்லை என்று அழுதேன். பிறகு எதிர்வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதே கிடையாது. ஆனால் திரையில் இருந்ததை எழுத்து எழுத்தாகப் படித்துச் சொன்னார், ஒவ்வொன்றையும் “இதை அமுக்கட்டுமா?” என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அமுக்கினார். நீ ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை.

சொல்லிக் கொடுத்த சொற்களெல்லாம் பத்திரமாக இருக்கின்றன. உன் ஐந்தாம் தேதிக் கடிதம் வந்த அன்றைக்கே பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டேன். கம்ப்யூட்டருக்குப் பயந்து இல்லை, உன்னைத் தெரியும் என்பதால். குரலை மறுபடி போட்டு, அவற்றையும் ஏற்றி, நேற்று முதல் வேலை செய்கிறேன்.

இன்னொன்று. புதிதாகப் போட்டதும் நிர்வாகி யார் என்று அது கேட்டது. எல்லாவற்றையும் அழித்தாய் அல்லவா, உன் கணக்கும் அதிலேயே போய்விட்டது. என் பெயரைச் சொன்னேன். என் கம்ப்யூட்டரில் ஒன்றைப் போட, ஒன்றை எடுக்க, இத்தனை வருடம் உன்னிடம் கெஞ்சியிருக்கிறேன். நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

புதுக் கடவுச்சொல்லைத் தர மாட்டேன். லீவையும் வீணாக்காதே. வேறு விஷயம் ஏதாவது இருந்தால் எழுது. யோசித்துப் பார்த்தேன், இந்த ஒன்பது வருடத்தில் நீ என்னிடம் வேறு எதுவும் பேசியதாக ஞாபகம் இல்லை.

அக்கா