லாக்கர் அடித்த அட்டைகள்

மகனே,

"பழசா கெடந்துச்சும்மா, லாக்கர் அடிச்சு புதுசாக்கிட்டேன்" என்று போனில் பெருமையாகச் சொன்னாய். ஆம்பூர்த் தொழிற்சாலையில் தோல் பளபளக்க அடிக்கும் மெருகை அப்பாவின் அட்டைகளுக்குமா அடிப்பாய்?

தோல் வாங்க வந்த அமெரிக்கர் ஒவ்வொரு முறையும் அவருக்குக் கொடுத்தவை அவை. அந்தக் காலத்துப் பெரிய பேஸ்பால் வீரர்களின் படங்கள். அந்த ஆட்டம் எங்கள் இருவருக்குமே தெரியாது. படத்தின் பின்னால் அப்பா எனக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுவார். நான் சிவப்பு மையில் பிழை திருத்தித் தருவேன். முப்பது வருடம் அப்படித்தான் பேசிக்கொண்டோம். இப்போது எல்லா மையும் கரைந்து கிடக்கிறது. ஒன்றையாவது திருப்பிப் பார்த்தாயா?

என் ஜெபப் புத்தகத்தில் இருந்த, அவர் கடைசியாக எழுதிய ஒன்று மட்டும் தப்பியது. அதிலும் ஒரு பிழை இருக்கிறது. நான் திருத்தவில்லை. அதை நீ தொடக்கூடாது.

உன் அம்மா