கேஸ் ஷீட்டில் ஏறிய கேலி

அன்பு மகள் பட்டுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம், இந்தத் தடவை நிஜமாகவே நலம். போன இரண்டு கடிதத்திலும் நான் நலம் என்று எழுதியது பச்சைப் பொய், அதற்கு நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள், ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு. போனில் சொன்னால் பாதியிலேயே நீ பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். மறுபடியும் சொல்கிறேன், அப்பா இப்போது பக்கத்து அறையில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார், கடன்கார ஸ்குரூ எங்கே போச்சு என்று தரையெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று அப்பாவைக் கூப்பிட்டார்கள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போகிறவன் படியில்தானே ஏறியாக வேண்டும், ஆறாவது மாடிக்கு மேலே மோட்டார் ரூம் வரைக்கும் ஏறியிருக்கிறார், அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாட்ச்மேன் புண்ணியவான், இன்னொருத்தரைச் சேர்த்துக்கொண்டு நாற்காலியோடு தூக்கி இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். எனக்குத் தகவல் வந்தபோது நான் க்ளினிக்கில் ஒரு குழந்தையின் பல் எக்ஸ்ரேயைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தேன், எந்தக் கவரில் போட்டேன் என்று இன்றைக்கு வரை தெரியாது. ரத்தக் குழாயில் இரண்டு அடைப்பு. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. நீ மூச்சு விட்டுக்கொள்.

இனிமேல்தான் கூத்து. எமர்ஜென்ஸியில் அவரைப் படுக்கவைத்து வயர் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு சின்ன டாக்டர் அட்டையும் பேனாவுமாக வந்தார், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. எவ்வளவு காலமா இந்த நெஞ்சு வலி இருக்கு என்று கேட்டார். உன் அப்பாவுக்குத்தான் சாகக் கிடந்தாலும் வாய் சும்மா இருக்காதே, கல்யாணம் ஆன நாளிலேருந்தே இருக்கு டாக்டர் என்றார். அந்தப் பிள்ளை சிரிக்கவே இல்லை. என் பக்கம் திரும்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆச்சும்மா என்று கேட்டார். நானும் ஏதோ பாரத்தில் நிரப்பக் கேட்கிறார் என்று நினைத்து முப்பத்தோரு வருஷம் என்று ஒப்பித்துவிட்டேன். பதினெட்டு வருஷமாகப் பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர் போகிறவர் பாரத்தையெல்லாம் நிரப்புகிறவள் நான், என் புத்தி அன்றைக்கு எங்கே போனதோ!

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன். ஒன்பது வருஷமாக ஒரு தவணை தவறாமல் கட்டிய பாலிசி. கார்டைக் கொடுத்ததும் நாலு மணி நேரத்தில் அனுமதி வந்துவிடும் என்றார்கள். மறுநாள் மாலை வந்தது, அனுமதி இல்லை என்று. முப்பத்தோரு வருடமாக இருந்துவரும் நெஞ்சு வலியை மறைத்துப் பாலிசி எடுத்துள்ளீர்கள் என்று போட்டிருந்தது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வைத்திருந்தது, என் சேமிப்பு எல்லாவற்றையும் துடைத்துக் கட்டி அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அதுகூடப் பரவாயில்லை பட்டு, மறைத்தீர்கள் என்று எழுதியிருந்தது பார், அந்த ஒரு வார்த்தைதான் முள்ளாகக் குத்தியது.

முப்பத்தோரு வருஷம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு மண்டை காய்ந்தது. அவருக்குத்தான் முதலில் புரிந்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர் கையை எடுத்துவிட்டு, என் வாயால கெட்டேன், உன்னையும் கெடுத்தேன் என்றார். அதோடு பேச்சு நின்றது. வேண்டியதைக் கேட்பார், மாத்திரையைப் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். பேப்பர்காரனைக்கூடச் சீண்டாமல் விடாத மனுஷன், நாலு வாரம் ஒரு கேலி இல்லை, கிண்டல் இல்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில்கூட நான் அப்படிப் பயப்படவில்லை, இந்த மௌனத்தைப் பார்த்துத்தான் பயந்தேன்.

கம்பெனிக்குப் போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்தது. ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, பாட்டுக் கேளு, கடைசியில் யாராவது எடுத்தால் ஆதியிலிருந்து கதையைச் சொல்லு. ஒவ்வொரு நாளும் ஒரு புது ஆள். அது வேடிக்கைக்குச் சொன்னது சார் என்றால், வேடிக்கைக்குச் சொன்னதுதான் என்பதற்கு ஆதாரம் இருக்கா மேடம் என்று கேட்டான் ஒருத்தன். மாடி வீட்டு அக்கா இருக்கிறாளே, அவள் வீட்டில் பைப் வெடித்துக் கட்டில், பீரோ எல்லாம் ஊறிப்போனபோது அவளுடைய கம்பெனிக்காரர்கள் மூன்றாம் நாளே வந்து பார்த்து, அந்த வாரமே பணத்தைக் கொடுத்துவிட்டார்களாம். அப்பாவோடு வேலை பார்க்கிற வெல்டர் களவுபோன பைக்குக்காக இரண்டு வருஷம் அலைந்து செருப்புதான் தேய்ந்தது என்கிறார். நம் தலையில் எது எழுதியிருக்கிறதோ என்று இரண்டு பேர் கதையையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போனில் கத்திப் பயனில்லை என்று ஒருநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கே போனேன். அந்தச் சின்ன டாக்டரைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் கையில் ஒரு கிலுகிலுப்பையுமாக நின்றவரிடம் விஷயத்தைச் சொன்னேன். முகம் அப்படியே வெளிறிவிட்டது. அன்னிக்கு எனக்கு ரெண்டாவது நாள் டியூட்டிம்மா, பயத்தில் காதில் விழுந்ததையெல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதிட்டேன் என்றார். சண்டை போடத்தான் போனேன், அந்த முகத்தைப் பார்த்ததும் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. நழுவிவிடுவாரோ என்று பார்த்தால், நேரே என்னைப் பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்த் தப்பு என்னுடையது சார் என்று நின்றார். பெரியவர் அவரை ஒரு பார்வை பார்த்தார், நல்லவேளை அந்தப் பார்வை என் மேல் விழவில்லை. எழுதினதை அழிக்க முடியாது, ஆனால் விளக்கம் எழுதித் தரலாம் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்கே போனேன். லிஃப்ட் கம்பெனி வருஷா வருஷம் அப்பாவுக்கு எடுக்கிற உடல் பரிசோதனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொண்டுபோயிருந்தேன். புகார் பார்க்கிற அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். விளக்கக் கடிதத்தை ஒரு தடவை படித்தாள், இன்னொரு தடவை படித்தாள், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மேஜை குலுங்கச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன், பிறகு ஏனோ அழுதுவிட்டேன். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, இதை நானே எங்க டாக்டர் மேஜையில் கொண்டுபோய் வைக்கிறேன், நீங்க இனிமேல் அந்த நம்பருக்குப் போன் பண்ணி அலையாதீங்க, என்கிட்டயே பேசுங்க என்று தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். ஒரே கம்பெனிதான் பட்டு, அதே பேர்ப் பலகைதான், உள்ளே உட்கார்ந்திருக்கிற மனுஷர் யார் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். பன்னிரண்டாம் நாள் அவளே கூப்பிட்டாள், முழுக்க ஒப்புக்கொண்டாச்சு, கையுறை, பஞ்சு மாதிரிச் சில்லறைகள் மட்டும்தான் கிடைக்காது என்று. பணம் வந்துவிட்டது. நேற்று மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதமும் வந்தது, மறைத்தீர்கள் என்பதை வாபஸ் வாங்கியிருக்கிறார்கள்.

அப்பாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார், மடித்தார், உள்ளே போய்விட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன், உள்ளேயிருந்து போன் பேசுகிற சத்தம் கேட்டது, வெல்டரிடம் முழுக் கதையையும் கைகால் வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார், சின்ன டாக்டர் மாதிரியே குரலை மாற்றி. பிறகு சிரித்தார் பார், அந்தப் பழைய சிரிப்பு, இருமல் வருகிற வரைக்கும். நான் குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு அப்படியே நின்று கேட்டேன். அடைப்பு நீங்கியது எனக்குத்தான் என்று தோன்றியது.

உனக்குச் சொல்வது இதுதான். உன் பாலிசிக் காகிதத்தை அலமாரியில் தூங்கவிடாமல் ஒரு தடவை உட்கார்ந்து படி. டாக்டர் கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு, நீயும் அவர் பெண்தானே, அதனால்தான் கவலை. நேரத்துக்குச் சாப்பிடு, உன் குரல் போன வாரம் போனில் கொஞ்சம் கம்மலாக இருந்தது, தொண்டைக்கு வெந்நீர் குடி. எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, குறை இல்லாமல் நன்றாக இரு.

பதறி அடித்து ஓடி வராதே. இப்போது வந்தால் பார்க்க இங்கே ஒன்றுமே இல்லை, நல்லா இருக்கிற ஒரு மனுஷனைத்தான் பார்க்கலாம். அதற்கும் வரலாம்.

என்றும் உன் நினைவாக,
அம்மா